சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த பேட்டரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். எத்தனை பேனல், எத்தனை பேட்டரி, எவ்வளவு தடிமனான கேபிள் என்பதையெல்லாம் நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் உங்கள் கணினி சொல்லிவிடுகிறது. நான் எழுதப்போவது ஒரே ஒரு வீட்டைப் பற்றி. குறைந்த செலவில், பேட்டரியோடு, நானே முழுசாகத் திட்டம் போட்ட முதல் வீடு அது. இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது. நிதானமாக எழுத முயல்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

எண்பதுகளின் கடைசி. பினாங்கில், சூலியா தெருவில் மின்சாமான் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவள். கடையில் நான் ஒருத்திதான் பெண். வயரை அளந்து வெட்டிக் கொடுக்கத்தான் முதலாளி என்னைச் சேர்த்தார். ஒரே வருஷத்தில், எந்த வீட்டுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலையாகிவிட்டது. அந்தச் சமயத்தில் முதலாளி எங்கோ ஏலத்தில் இரண்டு சோலார் பேனல்களை வாங்கி வந்து கடை வாசலில் நிறுத்தினார். வெயில் பட்டதும் அதோடு கட்டிய ஒரு சின்ன விசிறி சுற்றும். கூட்டம் கூடும், வாயைப் பிளந்து பார்க்கும், உள்ளே வந்து ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டு போய்விடும்.

மணியம் அண்ணன் மட்டும் போகவில்லை. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். பாலிக் புலாவுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர், அங்கேயே பலகை வீட்டில் குடியிருப்பவர்.

"தங்கச்சி, இதுல லைட்டு எரியுமா, இல்ல இந்தக் காத்தாடி மட்டுந்தானா?"

"எரியும்ணே. பேட்டரி வாங்கி மாட்டினா ராத்திரிக்கும் எரியும்."

"நெருப்பு ஏதும் வேணுமா?"

"என்னண்ணே நெருப்பு?"

"நெருப்பே வேணாம்ல? அத மட்டும் சொல்லு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மின்கம்பம் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். போன வருஷம் அந்த விளக்கு சாய்ந்து பாயில் தீப்பிடித்து, சின்ன மகளின் கால் வெந்துபோனது. மறுநாள் காலையில் அவர் மனைவி லெட்சுமி அக்கா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கில் தன் தங்கை வீட்டு பிளாட்டுக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. "நெருப்பில்லாத வெளிச்சம் வரட்டும், நானும் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அதுவரை சாமி கும்பிட மட்டும் விசேஷ நாளில் வருவார், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார். பத்து மாதமாக மணியம் அண்ணன் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தை எப்படிச் சொல்வது! வாசலில் விசிறி சுற்றிக்கொண்டிருந்த சாமான், ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கப் போகிறது! அன்று வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே நோட்டுப் புத்தகத்தில் படம் போட ஆரம்பித்துவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

அவரிடம் பணம் குறைவு. அதனால் ஒவ்வொன்றிலும் மூளையைக் கசக்கினேன். மூன்று சின்ன டியூப் லைட், ஒரு ரேடியோ, அதற்கு மேல் எதுவும் கிடையாது. சோலாருக்கென்றே செய்த பேட்டரி விலை எட்டாது. பிறை என்ற ஊரில் லாரி பட்டறை ஒன்றில் பேசி இரண்டு லாரி பேட்டரி எடுத்தேன். பேட்டரி நிறைந்ததும் மின்னேற்றத்தைத் தானாக நிறுத்தும் கண்ட்ரோலர் என்று ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டேன். பேட்டரிக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி விட்டால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே முற்றத்தில் பேனலின் வயரைக் கழற்றிவிடுங்கள் என்று அவரிடம் வாயால் சொல்லிவைத்தேன்.

மிச்சம் இருந்தது கேபிள். பன்னிரண்டு வோல்ட் சமாசாரத்தில் கேபிள் நீளமானால் மின்சாரம் வழியிலேயே பாதி கரைந்துவிடும். கரையாமல் இருக்க வேண்டுமானால் கை விரல் தடிமனில் வாங்க வேண்டும், அது விலை. மரநிழல் விழாத இடம் ஜாதிக்காய் காயப்போடும் முற்றம் ஒன்றுதான் என்பதால் பேனலை அங்கே இடுப்பு உயரச் சட்டத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து வீட்டுக்குள் மிகக் கிட்டத்தில் இருந்த மூலை, சாமி மேடை இருந்த மூலை. மேடைக்குப் பக்கத்திலேயே கதவு போட்ட ஒரு காலி அலமாரி, அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. நான் துள்ளிக் குதித்தேன்.

"அண்ணே, சக்தி சாமிக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்ணே!"

மணியம் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. பாலிக் புலாவ் கடைத்தெருவிலிருந்து வந்திருந்த சீன வயர்மேன் லிம் மட்டும் அலமாரியை ஒரு தடவை, மேடையில் இருந்த விளக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். அடுத்தவர் சாமி விஷயத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும், பேசாமல் ஆணியை அடித்தார். நானாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் வீடு ஜெலுத்தோங்கில்தான். லெட்சுமி அக்கா தங்கியிருந்த பிளாட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்த வீட்டில் யார் எங்கே படுப்பார்கள், எந்த மூலையில் என்ன நடக்கும் என்று அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. அவர் திரும்பி வருவதற்காகப் போட்ட திட்டத்தை, அவரைக் கேட்காமலே போட்டு முடித்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. ஒரே ஒரு லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தோம்.

"ஞாயித்துக்கெழம சரஸ்வதி பூஜை, தங்கச்சி. அவளும் புள்ளைங்களும் வருவாங்க. அன்னிக்குத்தான் முழுசாப் போடப்போறேன். நீ கட்டாயம் வரணும்லா."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் மலையேறிப் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மழை மாதத்தில் அப்படி ஒரு வெயில் கிடைத்ததே என்று பேனலைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். வீடு நிறைய ஆட்கள். பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, லிம், பட்டுப்பாவாடையில் இரண்டு பெண்கள். மேடையில் புத்தகங்கள், மண்வெட்டி, கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தது. குத்துவிளக்கு எரிந்தது. லெட்சுமி அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான உருவம், அதிகம் பேசாத முகம். கையில் கற்பூரத் தட்டு.

மணியம் அண்ணன் ஓடிவந்து என் காதில் சொன்னார்.

"தங்கச்சி, மூணு நாளா ஒரு லைட்டுகூடப் போடல. எல்லாத்தையும் இன்னிக்குன்னு சேத்து வச்சிருக்கேன். வயரும் கழட்டல. உள்ள எப்படிக் கொதிக்குது தெரியுமா! மூடிய எல்லாம் தொறந்து வச்சிருக்கேன், அவ பாக்கட்டும்னு."

அப்போதுதான் எனக்குக் காது கேட்க ஆரம்பித்தது. அலமாரிக்குள்ளிருந்து சளசளவென்று சத்தம். மூக்கில் புளித்த காரநெடி. அலமாரிக் கதவு இறுக்கிச் சாத்தியிருந்தது. அதன் மேல் பட்டுத் துணி, மாலை, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. சாமிக்குக் காட்டி முடித்ததும் கதவைத் திறந்து பேட்டரிக்கும் கற்பூரம் காட்டப் போகிறார்கள். ஆயுதங்களுக்கெல்லாம் காட்டும்போது, வீட்டுக்கே வெளிச்சம் தரப்போகிற பேட்டரிக்குக் காட்டாமல் விடுவார்களா? நானே அந்த வீட்டுக்காரியாக இருந்தாலும் காட்டியிருப்பேன்.

நிறைந்த பேட்டரியில் மேலும் மின்சாரம் ஏறினால் வெளிவருவது ஹைட்ரஜன். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி நிற்கும்போது ஒரு தீப்பொறி போதும். ஜெலுத்தோங்கில் ஒரு கார் பட்டறையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியைக் குனிந்து பார்த்த மெக்கானிக் வாயில் சிகரெட் இருந்தது. பேட்டரி வெடித்த சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், அவர் முகத்தில் பட்ட ஆசிட்டைப் பார்த்திருக்கிறேன். இங்கே அலமாரிக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது, போன வருஷம் கால் வெந்த அதே சின்னப் பெண்.

லெட்சுமி அக்கா கற்பூரத்தை ஏற்றினார். மேடைக்குக் காட்டினார். மணி அடித்தது. மணியம் அண்ணன் அலமாரிக் கதவில் கை வைத்தார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கத்தியிருந்தால் அவர் பதறி இன்னும் வேகமாகக் கதவைத் திறந்திருப்பார். பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டிருந்தால் எரிகிற கற்பூரம் எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும். ஊதி அணைக்கச் சொல்லவே முடியாது, சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை எந்த வீட்டில் வாயால் ஊதுவார்கள்? எனக்கு இருந்தது இரண்டு மூச்சு நேரம். வாய் தானாகப் பேசியது.

"அக்கா! மொதல்ல சூரியனுக்குக் காட்டணும்க்கா! குடுக்கிறவரு வெளிய நிக்கிறாரு, வாங்கி வச்சுக்கிறதுக்கு மொதல்ல காட்டலாமா?"

லெட்சுமி அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, சரிதானே என்பதுபோல் தலையாட்டிவிட்டு, தட்டோடு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"குத்துவிளக்கும் வரட்டும்! எல்லாரும் வாங்க, எல்லாரும்! அண்ணே, கதவ விட்டுட்டு நீங்கதான் முன்னால போகணும்!"

எங்கிருந்து வந்ததோ அந்த அதிகாரம். கும்பலாக எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். பெரிய பெண் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் ஒரு நெருப்பும் இல்லை என்று நான் மூச்சு விடப்போகும் நேரத்தில், பின்னால் ஸ்பேனர் சத்தம் கேட்டது. லிம்முக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில், பேட்டரி வயரைக் கழற்றிவிட அலமாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"ஜாங்கான் பெகாங்!" என்று கத்தினேன். தொடாதே என்று மலாயில் கத்தியதில் என் தொண்டையே கிழிந்தது.

மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் வயரைப் பிடுங்கினால் அந்த இடத்திலேயே பொறி பறக்கும். நல்ல வயர்மேனின் கை, ஆபத்து என்றதும் முதலில் போவது அங்கேதான். நாளைக்கு உங்கள் கையும் அங்கேதான் போகும், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன். லிம் உறைந்துபோய் நின்றார். நான் வெளியே ஓடினேன். லெட்சுமி அக்கா பேனலுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, தட்டைக் கீழே வைத்ததும், ஜாதிக்காய் காயப்போடும் சாக்குகளை இழுத்து இரண்டு பேனலையும் மூடினேன். வெயில் நின்றது, மின்னேற்றமும் நின்றது. ஜன்னல், பின்கதவு எல்லாவற்றையும் திறந்துவைத்து, யாரும் உள்ளே போகக் கூடாது என்று லிம்மை வாசலில் நிறுத்தினேன். அரை மணி நேரம் முற்றத்திலேயே எல்லோரும் சுண்டல் சாப்பிட்டார்கள். பிறகு ஓரமாக நின்று ஒரு நீளக் குச்சியால் அலமாரிக் கதவை நான்தான் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சளசளப்பு அடங்கியிருந்தது.

அதோடு கதையை முடித்திருக்கலாம். என்ன நடந்தது என்று லிம்மையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தார் என் சாமர்த்தியத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சூரியனுக்குப் பூஜை என்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பேட்டரியை நாளைக்கு வேறு ஏதாவது சாக்குச் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளலாம். மணியம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டார். தனியாக வந்து மெல்லச் சொன்னார்.

"எதுவா இருந்தாலும் இன்னிக்குச் சொல்லாத தங்கச்சி. அவ தங்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் கெஞ்சியதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. சொல்லாமல் இருக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நெருப்பு வேண்டாம் என்று வீட்டை விட்டுப் போன மனுஷியை, நெருப்பு இருக்கும் இடம் தெரியாமல் அன்று இராத்திரி அங்கே படுக்கவைக்க என்னால் முடியவில்லை. அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே சின்ன மகளைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"மூணு நாளா அது உள்ள கொதிச்சுக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"புள்ளைங்க பாய் போடுற எடம் அதுக்கு எதுத்தாப்லதான், தெரியுமா?"

"தெரியாதுக்கா. நான் கேக்கல."

"அங்க வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன். அதே நேரத்தில் பின்னாலிருந்து மணியம் அண்ணனும் "நான்தான்" என்றார். லெட்சுமி அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"எங்க வச்சா ஆபத்தில்ல?"

"வெளிய, காத்துப் போற எடத்துல. ஆனா கேபிள் நீளமா…"

"இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட வெறகு அடுக்குற எடம் இருக்கு. கூரை இருக்கு, மழை படாது. பலகையில ஓட்ட போட்டா ஒரு சாண் வயரு பத்தாதா?"

இரண்டு நாள் உட்கார்ந்து கேபிள் அளவு போட்டவள், அந்தச் சுவரின் மறுபக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை! விறகு எடுக்க ஒரு நாளைக்கு நான்கு தடவை அங்கே போய்வந்த பெண்ணுக்கு, கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், யாருக்காகத் திட்டம் போடுகிறோமோ அந்த ஆளோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்காமல் நான் பென்சிலை எடுத்ததில்லை. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

விறகை எல்லோரும் சேர்ந்து மாற்றினோம். பலகையில் ஓட்டை போட்டு, பேட்டரிகளை மேடை கட்டி வெளியே வைத்து, மேலே கூண்டு அடித்தபோது மாலை ஆகிவிட்டது. லெட்சுமி அக்கா கடைசி ஆணிவரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். மணியம் அண்ணன் அவர் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

முற்றம் மங்கியதும் சுவிட்சைப் போட்டோம். மூன்று லைட்டும் ஒரே நேரத்தில்! சுவரில் இருந்த ஆணித் துளைகள்கூடத் தெரிந்தன. பெண்கள் இரண்டு பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லைட்டாகத் தொடப் போனார்கள். லிம் கை தட்டினார். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாக அழுதேன். மூன்று டியூப் லைட்டுக்கு அழுதவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கடைசி பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பினேன். லெட்சுமி அக்காவும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, டார்ச்சைக் கையில் எடுத்தார். "வா, நானும் வர்றேன்" என்றார். மணியம் அண்ணன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா பெண்களிடம் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை, அந்த நேரத்தில் எதுவும் காதில் விழவில்லை.

இறக்கம் முழுவதும் அவர் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பேட்டரிக்கு என்ன தண்ணி ஊற்றணும், கிணற்றுத் தண்ணி ஊற்றலாமா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும், தொடர்ந்து மழை பெய்தால் என்ன ஆகும். நான் ஒளிக்காமல் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் ஒரு லைட்டுதான் போடலாம், மூன்றாம் நாள் அதுவும் சந்தேகம். இவர் போகப்போகிறவர், இனி பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்குள் ஒரு கசப்பு.

பேருந்து வந்து நின்றது. வயதில் மூத்தவர் முதலில் ஏறட்டும் என்று நான் ஒதுங்கி வழி விட்டேன்.

"என்னா நிக்கிற? ஏறு" என்றார்.

"நீங்க ஏறுங்கக்கா."

"நான் எதுக்கு ஏறணும்? அந்த மனுஷனுக்கு இத்தன வெவரமும் ஞாபகம் இருக்குமா? அதான் உங்கிட்ட நேரா கேட்டுக்கிட்டு, அப்படியே கடையில காலையில பசியாற மாவு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டுவதற்குள், அவர் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே இருந்த மளிகைக் கடைக்குள் போய்விட்டார்.